கச்சான் காற்றும் தேசிய உணர்வும்: இலக்கிய விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த வருடத்து மாணவர் கவிதைப் போட்டியின் விதிகள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். போவதற்கு முன் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள். எந்த விழா, எந்தக் குழு என்று நான் எங்கேயும் சொல்லப் போவதில்லை. வாசிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய தேவை இல்லை.

நான் 31 வருடம் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு ஓய்வுபெற்றவன், திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். பாடம் கொஞ்சம், கதை நிறைய. போன வருடம் அவர்களில் ஒருத்தி உங்கள் போட்டிக்குக் கவிதை அனுப்பினாள். தரம் 10 படிக்கிற பிள்ளை, தகப்பன் கரைவலை இழுக்கிறவர். 'என் தேசம்' என்பது நீங்கள் கொடுத்த தலைப்பு. அவள் எழுதியதில் முதல் நாலு வரி இது:

கச்சான் அடிக்குது. கடல் கண்ணாடி.
அம்பா கேக்குது, ஆளைக் காணல்ல.
மடி கரைக்கு வர முன்னம்
அப்பாட முகம் வருகுது.

தாள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தபோது சிவப்பு மையில் நிறைய வேலை நடந்திருந்தது. 'கச்சான்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் "கச்சான் எப்படி அடிக்கும்?" என்று ஒரு கேள்வி. 'அம்பா' என்பதை வெட்டி 'அம்மா' என்று திருத்தியிருந்தார்கள். 'அடிக்குது', 'கேக்குது', 'அப்பாட' எல்லாவற்றுக்கும் மேலே செந்தமிழ் எழுதப்பட்டிருந்தது. அடியில் தீர்ப்பு: "வட்டார வழக்கு தவிர்க்கப்பட வேண்டும். தேசிய உணர்வு வெளிப்படவில்லை."

நடுவர் வெளியூர்க்காரர் போலும், அது குற்றமில்லை. ஆனால் விளக்கம் சொல்லவேண்டியது என் கடமை. வைகாசி பிறந்தால் புரட்டாதி வரைக்கும் எங்கள் பக்கம் தரையிலிருந்து கடலுக்குப் போகிற வறண்ட காற்றுக்குக் கச்சான் என்று பேர். தோல் எரியும், கிணறு இறங்கும், கடல் படுத்துவிடும். வாடைக்காற்றில் கரையை உடைக்கிற அதே கடல்தான். கரைவலைக்காரருக்கு அதுதான் உழைப்புக் காலம். தெருவில் பேப்பர்ச் சுருளில் விற்கிற கச்சானும், அதாவது நிலக்கடலையும், இருக்கிறது, மறுக்கவில்லை.

அம்பா என்பது வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் அடிக்கும் கயிறு கைமாறுகிற நேரத்துக்கும் கணக்கு உண்டு. விடியப்புற இருட்டில் ஆட்களின் முகம் தெரிவதற்கு முன் சத்தம் வந்துவிடும். அதைத்தான் அந்தப் பிள்ளை இரண்டாம் வரியில் எழுதியிருக்கிறாள். வலையின் மடியில் எவ்வளவு மீன் என்று மடி கரையேறினால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். கயிற்றின் பாரத்தைக் கொண்டே தகப்பனுக்குத் தெரிந்துவிடும், தகப்பனின் முகத்தைக் கொண்டு மகளுக்குத் தெரிந்துவிடும். இதை நான் எழுதியிருந்தால் நாலு பக்கம் ஆகியிருக்கும், அதுவும் பிழையாக.

பரிசு பெற்ற கவிதையை விழா மலரில் வாசித்தேன். பிழையில்லாத தமிழ். எழுதிய பிள்ளை மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, கேட்டதைக் கொடுத்திருக்கிறது. 'தாயே' என்று ஏழு இடத்தில் வருகிறது. திருகோணமலை என்ற பேரை எடுத்துவிட்டு எந்த ஊரின் பேரைப் போட்டாலும் அந்தக் கவிதை நிற்கும். எந்த நாட்டின் பேரைப் போட்டாலும்கூட.

ஒரு சனம் தன்னை யாரென்று நினைக்கிறது என்பதில் கவிதைக்குப் பெரிய பங்கு உண்டு. இதில் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்த கவிதைகளில் பெரும்பாலானவை தேசத்தைப் பற்றி எழுதச் சொல்லி எழுதப்பட்டவை அல்ல. யாரோ ஒருவர் தன் ஊரை, ஊர் வாயால் எழுதியவை அவை. நான் வகுப்பில் வருடக்கணக்காகப் படிப்பித்த ஆங்கில ரொமாண்டிக் கவிஞர்களிடமே இது தொடங்குகிறது. வேர்ட்ஸ்வர்த்தும் கோல்ரிட்ஜும் 1798இல் சேர்ந்து போட்ட தொகுப்பின் இரண்டாம் பதிப்புக்கு வேர்ட்ஸ்வர்த் முன்னுரை எழுதினார். மனிதர்கள் உண்மையில் பேசுகிற மொழிதான் கவிதைக்கு வேண்டும், அலங்காரச் சொல்லடுக்கு வேண்டாம் என்பது அதன் சாரம். அவர் உங்கள் போட்டிக்கு வந்திருந்தால் வட்டார வழக்கு விதியில் வெளியே போயிருப்பார்.

ஆனால் இந்த விசயத்தில் எனக்குப் பிடித்த ஆள் இங்கிலாந்துக்காரர் இல்லை, போலிஷ் மொழிக் கவிஞர் ஆடம் மிக்கியேவிச். 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் அயல் வல்லரசுகள் போலந்தைப் பங்கு போட்டு முடித்துவிட்டன. அதற்குப் பிறகு 1918 வரை, 123 வருடம், உலகப் படத்தில் அந்த நாடு இல்லை. மிக்கியேவிச் பிறந்தது 1798இல், நாடு காணாமல் போன பிறகு. முதலில் அவரும் எங்களைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான். மாணவர் சங்கம் ஒன்றில் இருந்தார் என்று பிடித்து ரஷ்யாவுக்கு நாடு கடத்தினார்கள். பிறகு ஊர் திரும்ப முடியவே இல்லை. பாரிஸில் இருந்துகொண்டு 1834இல் 'பான் ததேயுஸ்' என்ற காவியத்தை வெளியிட்டார். அதுதான் இன்றைக்குப் போலந்தின் தேசிய காவியம். அதன் முதல் வரி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? "லித்துவேனியா! என் தாய்நாடே!" நீ உடல் சுகத்தைப் போன்றவள், இழந்தவனுக்குத்தான் உன் அருமை தெரியும் என்று அடுத்த வரிகள் போகும்.

போலந்துப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற தேசிய காவியம், போலிஷ் மொழியில், லித்துவேனியாவைக் கூப்பிட்டுத் தொடங்குகிறது. எழுதியவர் பிறந்த இடம் இன்றைக்கு பெலரூஸில் இருக்கிறது. வார்ஸாவை அவர் தன் வாழ்நாளில் கண்ணால் கண்டதே இல்லை. மூன்று நாட்டுக்காரரும் எங்கள் கவிஞர் என்கிறார்கள், மூன்று பேரிடமும் நியாயம் இருக்கிறது. உங்கள் மதிப்பெண் தாளில் 'தேசிய உணர்வு' என்ற கட்டத்துக்கு இவருக்கு எத்தனை போடுவீர்கள்?

சரி, அந்தக் காவியத்துக்குள் போர் முழக்கமும் வீர வசனமும்தான் நிரம்பியிருக்கும் என்று நினைத்தால், அதுவும் இல்லை. 1811, 1812இல் ஒரு நாட்டுப்புறத்தில் இரண்டு குடும்பம் ஒரு பழைய கோட்டைக்காக வழக்காடுகிற கதை. இடையில் எல்லோரும் காட்டில் காளான் பொறுக்கப் போகிறார்கள். எந்தக் காளான் நல்லது, எதைத் தொடக்கூடாது என்று விலாவாரியாக வருகிறது. காலைக் கோப்பி எப்படிப் போடவேண்டும் என்று வருகிறது. பிகோஸ் என்று ஒரு கறி, புளித்த கோவாவை (முட்டைக்கோசை) இறைச்சியோடு சேர்த்து அவிப்பது. அதன் ருசியைச் சொல்லில் கொண்டுவருவது கடினம் என்று சொல்லிவிட்டு, அதைப் பற்றியே வரி வரியாக எழுதிக்கொண்டு போவார். நாடு போன மனிதன் பாரிஸில் இருந்து கறி அவிக்கிற பானையை நினைக்கிறான். 123 வருடத்தில் பெரும்பகுதி அந்தப் பானையைச் சுற்றித்தான் அந்தச் சனம் இருந்தது என்றே எனக்குத் தோன்றும். எங்கள் பிள்ளை ஒன்று சூடைமீன் சொதியைப் பற்றி எழுதினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சிவப்பு மை தட்டுப்பாடாகிவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காவியம் முடிகிற இடத்தில் ஒரு விருந்து. அங்கே ஒருவர் கம்பிகளைச் சிறு சுத்தியால் தட்டி வாசிக்கிற ஒரு வாத்தியத்தை வாசிக்கிறார். நாட்டுக்கு நடந்தது முழுவதும், பட்ட பாடும் காட்டிக்கொடுப்பும் நம்பிக்கையும், அந்த வாசிப்பில் வந்து போகிறது. வாசிக்கிறவர் யான்கியேல், ஊரில் மதுச்சாலை நடத்துகிற யூதர். கத்தோலிக்கப் பிரபுக்கள் நிறைந்த மண்டபத்தில் நாட்டின் கதையைச் சொல்கிற வேலையை மிக்கியேவிச் அவரிடம் கொடுத்தார். நான் இந்த இடத்தை வகுப்பில் வாசித்துக் காட்டுகிற ஒவ்வொரு முறையும், எங்கள் ஊர் விருந்தில் அந்த வாத்தியத்தை யார் கையில் கொடுப்போம் என்று பிள்ளைகளைக் கேட்பேன். முதல் கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். திருகோணமலையில் அது சின்னக் கேள்வி இல்லை.

ஹங்கேரியின் கவிஞர் பெட்டோஃபியை நீங்கள் இழுக்கக்கூடும். 1848 மார்ச் 15இல் பெஸ்ட் நகரில் தணிக்கை அனுமதி இல்லாமல் அச்சடித்து வீதியில் கொடுத்தது நேரடியான தேசியப் பாட்டுத்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது ஒரு எழுச்சி நாளுக்குப் பிறந்த பாட்டு, 40 நிமிடத்தில் 24 வரிக்கு மேற்படாமல் எழுதச் சொல்லி வந்ததல்ல. அவருடைய பிறப்புப் பேர் பெட்ரோவிச், குடும்பம் ஸ்லாவிய வழி என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒரு குழு. நேரமும் ஆளும் கொஞ்சம் காசும் உள்ளவர்கள். ஆகவே உங்களுக்குப் பொருத்தமான ஆள் கவிஞர் இல்லை, ஒரு டொக்டர். எலியாஸ் லொன்ரொட் பின்லாந்தில் கயானி என்ற சின்ன ஊரில் மாவட்ட வைத்தியராக இருந்தவர். அந்த நாடு ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது, படித்தவர்களின் மொழி சுவீடிஷ். பின்னிஷ் என்பது தோட்டத்திலும் அடுப்படியிலும் பேசுகிற பேச்சு. லொன்ரொட் பெரும்பாலும் கால்நடையாக எல்லைப்புறக் கிராமங்களுக்குப் போய்க் கிழவர், கிழவிகள் பாடியதை எழுதினார். 1835இல் 'கலேவலா' வந்தது. 1849இல் அதை 22,795 வரியாகப் பெருப்பித்தார். அவர் தன் கையால் தைத்து ஒட்டிய இடங்களும் அதில் உண்டு, முழுக்க முழுக்கக் கேட்டபடியே என்று சொல்ல முடியாது. ஆனாலும் அடுப்படிப் பேச்சில் ஒரு காவியம் இருந்தது என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சைக் கந்தோருக்குள் விடமாட்டோம் என்று சொல்வது கஷ்டமாகிவிட்டது. 1863இல் ரஷ்யச் சக்கரவர்த்தியே பின்னிஷுக்கு உத்தியோக இடம் கொடுக்கும் கட்டளை போட்டார். இன்றைக்கும் பெப்ரவரி 28 அங்கே கலேவலா நாள்.

இங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கரையில் அம்பா. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் சனத்தின் கவி. தம்பலகாமத்தில் நெற்சூடு அடிக்கிற காலத்துப் பாட்டு. என் அம்மாவின் தகப்பனோடு சின்ன வயதில் களவெட்டிக்கு, நெல் அடிக்கிற களத்துக்கு, போயிருக்கிறேன். அங்கே வீட்டுப் பேச்சுப் பேசக்கூடாது. கடகத்தைக் கடகம் என்று சொன்னால் பல்லைக் கடிப்பார், 'பெருவாயன்' என்று சொல்லவேண்டும். ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு வரம்பில் போய் உட்கார்ந்திருக்கிறேன், பொலி குறைந்தால் என்னால்தான் என்ற பயத்தில். களத்துக்கென்று தனி அகராதியே இருந்தது. அறுவடை மெஷின் வந்த பிறகு களவெட்டிக்கு வேலை இல்லை, அந்தச் சொற்களுக்கும் வேலை இல்லை. தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள், நானே மாத்திரைப் பெட்டியோடு திரிகிறவன். சிங்களக் கடற்றொழிலாளரும் வலை இழுக்கும்போது பாடுகிறார்கள். அவர்கள் பாட்டும் எங்கள் அம்பாவும் எங்கே தொடுகின்றன என்று கேட்டுப் பார்க்க இந்தக் கரையைவிட நல்ல இடம் ஏது?

பாரதியைப் பற்றி ஒரு சொல். உங்கள் விழா அவர் பாட்டோடுதான் தொடங்கும், தொடங்கட்டும். ஒரு காலம் தனக்கு 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் அவர். ஆங்கில ரொமாண்டிக் கவிதை எங்கள் மொழிக்குள் வந்த பெரிய வாசல் என்று அவரைச் சொன்னால் பிழையில்லை. 'செந்தமிழ் நாடெனும் போதினிலே' பாடும்போது எனக்கும் மயிர் கூச்செறியும். ஆனால் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு இடத்தில் நான் நிற்பேன். காவிரி, தென்பெண்ணை, பாலாறு, வையை, பொருனை என்று ஆறுகள் வரும். கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற மகாவலி அதில் இல்லை. பிறகு "சிங்களம் புட்பகம் சாவக மாதிய தீவு பலவினுஞ் சென்றேறி" அங்கே கொடி நாட்டியவர்களின் தாய்நாடு என்று வரும். அந்தத் தீவில் இருந்துகொண்டு பாடுகிற பிள்ளை அந்த வரியில் எங்கே நிற்கிறது? ஏறினவர் பக்கமா, கரையிலா? மகாவலியை விட்டது பாரதியின் பிழை அல்ல. அவர் தன் ஊரைப் பாடினார், அதுதான் சரி. எங்கள் ஊரை அவர் பாடவில்லை என்பதை நாங்கள் கவனிக்காமல் விட்டதுதான் பிழை. பக்கத்து வகுப்பில் சிங்களப் பிள்ளை ஒன்று இருக்குமானால் அந்த வரி எப்படிக் கேட்கும் என்பதையும் யோசிக்காமல் விட்டோம்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடமும் இதே கதைதான். தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1865இல் இங்கே பிறந்து சென்னையில் வாழ்ந்தவர். கிளியைத் தூதனுப்புகிற பழைய வடிவத்தை எடுத்து, பெண்களை அடைத்து வைப்பதைக் கேள்வி கேட்க வைத்தார், 1892இல். அப்புறம் 1895இல் 'மோகனாங்கி'. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவது அது. வால்டர் ஸ்கொட் 1814இல் திறந்துவிட்ட வழி, பழைய காலத்தைக் கதையாக்கி ஒரு சனத்துக்குத் தன் பூர்வீகத்தைக் காட்டுவது, தமிழுக்கு ஒரு திருகோணமலையார் கையால் வந்தது என்றால் பெருமைதான். ஆனால் கதை நடப்பது நாயக்கர் காலத்துத் தஞ்சாவூரிலும் திருச்சியிலும். கோட்டையும் துறைமுகமும் பறங்கியும் ஒல்லாந்தரும் உள்ள ஊரில் பிறந்தவர் கதைக்குக் காவிரிக்கரை போனார். வாசகர் அங்கே இருந்தார்கள், அச்சுக்கூடம் அங்கே இருந்தது, எனக்கு விளங்குகிறது. ஆனாலும் கொஞ்சம் மனம் வலிக்கும்.

சம்பந்தரோ மறுபக்கம். கடல் தாண்டாமல் இராமேசுவரத்தில் நின்றுகொண்டே கோணமாமலையைப் பாடினார் என்பது மரபு. "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" என்றார். வராத ஊருக்கு இரைகிற கடலையும் கரையில் ஒதுங்குகிற முத்தையும் கொடுத்துவிட்டார். திருகோணமலைச் சுவாமி மலையில் நின்று கீழே பார்க்கிற எவருக்கும் அந்த வரி உடனே விளங்கும். அதற்கு உரை தேவையில்லை.

உங்களில் சிலர் "பழம்பெருமைப் பாடல்களைத் திரட்டி ஒரு நூல்" போடுகிற யோசனையில் இருப்பதாகவும் அறிந்தேன். போடுங்கள், ஆனால் செக் நாட்டில் நடந்த கதை ஒன்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். 1817இல் ஹன்கா என்பவர் ஒரு தேவாலயத்தில் பழைய செக் வீரப்பாடல் சுவடி கண்டெடுத்ததாக அறிவித்தார். அடுத்த வருடம் இன்னொன்றும் வெளிவந்தது. ஜெர்மானியருக்குச் சமமாக எங்களுக்கும் காவியம் இருக்கிறது என்று சனம் தலைநிமிர்ந்தது. கிட்டத்தட்ட 70 வருடம் கழித்து, 1886இல், மஸாரிக் என்ற பேராசிரியரும் நண்பர்களும் அவை போலி என்று வாதாடினார்கள். துரோகி என்று அவரை ஏசினார்கள். பொய்யில் நாட்டைக் கட்ட முடியாது என்பதில் அவர் நின்றார். 1918இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தபோது அதே துரோகிதான் முதல் ஜனாதிபதி. கல்லுக்கும் பேருக்கும் சண்டை பிடிக்கிற ஊர் எங்களுடையது. பெரியவர் ஒருவர் பாடியதைப் பதிந்தால் யார், எந்த ஊர், எந்த நாள் என்று எழுதுங்கள். விடுபட்ட வரியை நீங்களே எழுதி நிரப்பாதீர்கள்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். தலைப்பில் 'தேசம்' வேண்டாம், 'உன் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில்' என்று போடுங்கள். வட்டார வழக்கு பற்றிய விதியை எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராவிட்டால், விளங்காத சொல்லுக்கு மாணவரே கீழே பொருள் எழுதலாம் என்று மாற்றுங்கள். நடுவர் மூவரில் ஒருவராவது இந்த மாவட்டத்துக் காற்றுகளின் பேர் தெரிந்தவராக இருக்கட்டும். கரைவலைக்காரர் ஒருவரையே கூப்பிட்டாலும் எனக்குச் சந்தோசம். சிங்களத்தில் எழுதுகிற பிள்ளைக்கும் அதே தலைப்பையும் அதே மேடையையும் கொடுங்கள். பரிசுக் கோப்பைக்கு ஒதுக்கிய காசில் கொஞ்சத்தை எடுத்துப் பிள்ளைகளை ஒலிப்பதிவுக்கு அனுப்புங்கள். கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருக்கிறது, ஓட்டோக் காசுதான் இல்லை.

கிண்ணியாவில் கவி பாடுகிற ஒரு பெரியவரோடு போன கிழமை கதைத்தேன். பிள்ளைகள் வந்தால் பாடிக் காட்டச் சம்மதம் என்றார். வெள்ளிக்கிழமை சரிவரும், ஆனால் ஜும்மா முடிந்து சாப்பிட்ட பிறகு. மைக் வேண்டாமாம், மைக்கைக் கண்டால் கவி வராதாம். நாலு பிள்ளைகள் ஆயத்தம், அந்தக் கச்சான் பிள்ளையும் வருகிறாள். உங்கள் குழுவிலிருந்து ஒருவர் கூட வந்தால் பிரயாணத்துக்கு ஒரு வழி பிறக்கும் என்று நினைக்கிறேன். எந்த வெள்ளி என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்